பதினோராவது கூடு

ஜூன் 3, செவ்வாய்

காலையில் மூடுபனி. ஒன்பது மணிக்கும் எதிர்வீட்டுக் கூரை தெரியவில்லை. துணி எதுவும் காயவில்லை. ஈரச் சுடிதாரோடு ஆபீஸ்.

நாளை முதல் நாமக்கல்லில் மூன்று நாள் பயிற்சி. போகுமுன்:

– குச்சிப்பூச்சிகளுக்குக் கொய்யா இலை, தண்ணீர்ப் புட்டியில் செருகி. (இருபத்தேழு. நேற்று இரண்டு தோலுரித்தன.)
– மரவட்டைப் பெட்டியில் வெள்ளரித் துண்டு, முட்டையோட்டுத் தூள்.
– கொம்பன் என்கிற என் கொம்பு வண்டுக்கு வாழைப்பழம். செம்மேடு பஸ் ஸ்டாண்டு விளக்கடியில் பொறுக்கியதிலிருந்து பெருந்தீனி.
– நீலத் தொட்டி: ஒன்றும் செய்யக்கூடாது. கையே வைக்கக்கூடாது.

நீலத் தொட்டியில்தான் ஆப்பிரிக்கப் பூ வண்டுகள். போன செப்டம்பரில் பெங்களூர் சிநேகிதி கொடுத்தபோது புழுக்கள் சுண்டுவிரல் நகமளவு. ஒன்பது மாதம் மக்கிய இலையும் மரத்தூளும் தின்று, இப்போது பதினொன்றும் மண்ணைக் குழைத்து ஆளுக்கொரு கூடு கட்டி உள்ளே போய்விட்டன. கோழிமுட்டை அளவு. மெல்லத் தட்டினால் உள்ளே அசையும். வெளியே வரும்போது கட்டைவிரல் நீளம், பட்டுப்புடவைப் பச்சை, ஓரத்தில் வெள்ளைக் கோடு. இன்னும் ஒரு மாதமோ இரண்டோ.

இதற்கு அனுமதிப் பேப்பர் எதுவும் கிடையாது. தோட்டக்கலை ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டு இதை இங்கே எழுதவே யோசனை. ஆனால் மூடி போட்ட தொட்டி. பத்து வருடமாக வளர்க்கிறேன், ஒன்றைக்கூடத் தப்பவிட்டதில்லை.

வீட்டுக்காரர்களிடம் அதை இலை உரம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். முன்பக்கம் பழனியப்பன் அண்ணனும் அவர் மனைவி சின்னப்பொண்ணு அக்காவும், பின்கட்டில் நான். குச்சிப்பூச்சிகளை அக்கா தினமும் ஒரு தடவையாவது வந்து பார்ப்பார். தொட்டியில் என்ன என்று கேட்டபோது விளக்கச் சோம்பல். விளக்கம் ஆபத்தும்கூட.

மதியம் ஒரு தோட்டத்தில் வெளிமாநிலத்திலிருந்து மிளகுக் கொடி கொண்டுவந்து நட்டவரை நன்றாகப் பேசிவிட்டேன். கொடியோடு என்னென்ன பூச்சி கூட வரும் என்று அரைமணி நேரம். அவர் தலையாட்டினார். நன்றாகத்தான் பேசினேன்.

ஜூன் 7, சனி

கீழே வெயில் கொளுத்தியது. கொல்லிமலையின் எழுபது வளைவும் ஏறி முடிப்பதற்குள் முன்சீட்டுக் குழந்தை மூன்று தடவை வாந்தி. செம்மேட்டில் இறங்கியதும் குளிர்காற்று, உயிர் வந்தது.

பின்வாசலில் துவைக்கிற கல்லின் மேல் நீலத் தொட்டி. கவிழ்த்து. கழுவி.

வேறு யாருடைய தொட்டியோ என்று ஒரு கணம் நினைத்தேன்.

சின்னப்பொண்ணு அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சந்தோஷம். புதன்கிழமைக் காற்றில் மூடி பறந்துபோய், மழைத் தண்ணீர் நிறைந்து நாற்றமாம்.

"நல்ல ஒரமாச்சே, வீணாப் போகுதேன்னு வியாழக்கெழம மொளகுக் கொடிக்கு வாரிப் போட்டேனுங் கண்ணு. தொட்டியயும் தேச்சுக் கழுவி வெச்சிட்டேன்."

எத்தனை கொடி என்று கேட்டேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. கிணற்றோரம் பதினாலு கொடி. உருண்டை உருண்டையாக ஏதாவது இருந்ததா? மண்ணாங்கட்டிகள் கிடந்தன, அப்படியே போட்டுவிட்டேன் என்றார். சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

பையைக்கூட இறக்காமல் கிணற்றோரம். கொடி படர்ந்த சில்வர் ஓக் மரம் ஒவ்வொன்றின் அடியிலும் மண்டியிட்டு விரலால் துழாவினேன். வெளிச்சம் மங்குவதற்குள் நாலு கூடு. முழுசாக.

அக்கா மறுபடி வெளியே வந்து என்ன தேடுகிறேன் என்றார். கம்மல் விழுந்துவிட்டது என்றேன். அவரும் குனிந்து கம்மல் தேடினார். அரைமணி நேரம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, காலையில் வெளிச்சத்தில் பார்க்கலாம், தங்கம் எங்கே போகும் என்று ஆறுதல் வேறு.

இன்னும் ஏழு.

ஜூன் 8, ஞாயிறு

ஜெபத்துக்குப் போகவில்லை.

ஆறு மணிக்குக் கிணற்றோரம் போனால் எனக்கு முன்பே கோழிகள். சிவப்புக் கோழி ஒரு கூட்டை உடைத்துக் கொத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்றின் ஓடு, காலி. ஆக ஆறு கணக்கு வந்தது. இன்னும் ஐந்து, பதினாலு கொடியடியில், ஒரு ஏக்கர் செத்தையில்.

தனியாக முடியாது. அதைவிட, கம்மல் பொய் நெஞ்சில் முள்ளாக இருந்தது. இவர்கள் சோறு இந்த மிளகிலும் பலாவிலும். என் பொழுதுபோக்கு அதன் அடியில் கிடக்கிறது.

இருவரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன். முதலில் கம்மல். பிறகு தொட்டி, வண்டு, ஆப்பிரிக்கா, பேப்பர் இல்லாதது, எல்லாம். நிறுத்தாமல். நிறுத்தினால் மறுபடி தொடங்கியிருக்க மாட்டேன்.

பழனியப்பன் அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அது மொளகத் திங்குமா?"

அதன் ஊரில் பழமும் மரச்சாறும்தான், புழு மக்கின இலை தின்னும் என்றேன். இங்கே என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. இந்தக் குளிருக்குச் செத்துப்போகலாம். பலாப்பழத்தில் ஏறி நாலு வருடத்தில் மலை முழுக்கப் பெருகவும் செய்யலாம். இரண்டும் நடந்த ஊர்கள் உண்டு.

அண்ணன் டம்ளரை எடுத்து மீதியைக் குடித்து முடித்தார்.

"ஆபீஸ்ல இருந்து வர்றவங்க தெரியாதுன்னு சொல்லி இன்னைக்குத்தானுங்க மேடம் கேக்கறேன்."

குத்தலா பாராட்டா, இப்போதும் புரியவில்லை.

கிடைப்பதை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கொல்ல வேண்டும், ஒன்றையும் விடாமல் என்றேன். அதில் எனக்குக் குழப்பமில்லை. சின்னப்பொண்ணு அக்கா என்னையே பார்த்தார். "அத்தனையுமா?" என்றார். அத்தனையும் என்றேன். எழுந்துபோய்க் களைக்கொத்து எடுத்து வந்தார்.

மூன்று பேரும் நடுமதியம்வரை. கொடிக்கு வேர் அறாமல் செத்தையை வாரி, சாக்கில் போட்டு, சல்லடையில் சலித்து. அண்ணன் விரலுக்கு வேகம் அதிகம், மூன்று அவர் எடுத்தது. நான் ஒன்று. மொத்தம் எட்டு கையில், இரண்டு கோழி வயிற்றில்.

பதினோராவது இல்லை. சாக்கில் இருந்ததை இரண்டாம் முறையும் சலித்தாயிற்று.

உள்ளங்கை இரண்டும் கொப்புளம். இதை யார் செய்யச் சொன்னது? யாருமில்லை. அதனால் புலம்பவும் ஆளில்லை.

ஜூன் 9, திங்கள்

அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். முன்பே எழுதி எடுத்துப்போன கடிதத்தை நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். வீட்டுக்காரர் புகார் கொடுத்திருக்கிறாரா என்று கேட்டார். இல்லை, நானேதான் என்றேன்.

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எட்டையும் உறையவைத்துக் கொண்டுவா, பதினோராவதைக் கண்டுபிடி, இனி வெளிநாட்டுப் பூச்சி எதையும் தொடாதே, மெமோ வரும், பதில் எழுது. அவ்வளவு.

வெளியே வந்து வெந்நீர் குடித்தேன். மனசு லேசு. வேலை போகாது என்று தோன்றுகிறது. போனாலும் சொன்னது சரிதான்.

பெங்களூர்க்காரிக்கு போன். தொட்டிக்குப் பூட்டு போடு என்றேன். சிரித்தாள். மறுபடி சொன்னேன், சிரிப்பு நின்றது.

ஜூன் 10, செவ்வாய்

எட்டும் ஐஸ் பெட்டியில். அதிலிருந்த ரொட்டியைக் கீழ்த்தட்டுக்கு மாற்றினேன்.

வைக்குமுன் ஒன்றை மட்டும் உடைத்துப் பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது. வெளிர் மஞ்சள், கால்களை மார்பில் மடித்துக்கொண்டு. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கருநிழல். வெளிச்சம் பட்டதும் வயிற்றை ஒரு தடவை சுழற்றியது.

அதையும் மற்றவற்றோடு வைத்து மூடினேன். ஒன்பது மாதம் வாராவாரம் இலை மாற்றிய கை.

பாத்திரம் தேய்க்கும்போது கொஞ்சம் அழுகை. பிறகு சரி.

ஜூன் 12, வியாழன்

சாரல், காற்று. பதினோராவது வண்டாகி வந்தால் சிக்கட்டும் என்று திங்கள் மாலையே பொறி பதினாறு. காலி தண்ணீர்ப் பாட்டிலை அறுத்து, கனிந்த வாழைப்பழத்தோடு நாட்டுச்சர்க்கரை பிசைந்து போட்டு, சில்வர் ஓக்கிலும் பலா மரத்திலும் கட்டியது. அண்ணன் ஏணி பிடித்தார். இப்போது நான் போகுமுன்பே அவர் ஒரு சுற்றுப் பார்த்துவிடுகிறார். பேச்சு மட்டும் தேவைக்கு.

இன்று விழுந்தவை: குளவி 9, பழ ஈ எண்ண முடியவில்லை, பழுப்பு வண்டு 4 (உள்ளூர்), பட்டாம்பூச்சி 1, அண்ணனின் பீடித் துண்டு 1.

மருந்து அடிக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், ஒன்றுக்காகத் தோட்டம் முழுக்க விஷமா என்றேன். சரி என்றார். நான் சொன்னதை இன்னும் கேட்கிறார் என்பதே இன்றைய சந்தோஷம்.

ஜூன் 15, ஞாயிறு

ஜெபம். திரும்பும்போது செம்மேட்டில் வாழைப்பழம் இரண்டு சீப்பு. கடைக்காரர், உங்கள் வீட்டுக்காரம்மாவும் இப்போதெல்லாம் தினம் பழம் வாங்குகிறார், வீட்டில் விசேஷமா என்றார். எனக்கென்ன தெரியும்.

சின்னப்பொண்ணு அக்கா என்னோடு முன்போல் இல்லை. குச்சிப்பூச்சி பார்க்க வருவதில்லை. ஆனால் வழியில் நிறுத்தி ஏதாவது கேட்கிறார். அந்த வண்டு கடிக்குமா? புதிதாகப் பொரிந்து வந்தது உடனே தின்னுமா? எத்தனை நாள் உயிரோடு இருக்கும்? பாவம், பயந்துபோயிருக்கிறார். கடிக்காது, கால் முள் மட்டும் தோலில் பற்றும், கூட்டிலிருந்து வந்த வண்டு பத்துநாள் பட்டினி கிடந்துதான் தின்னத் தொடங்கும், நாலைந்து மாதம் இருக்கும் என்று விளக்கினேன்.

"பத்து நாளு திங்காதா?" என்றார். திங்காது என்றேன். பெருமூச்சு விட்டார். பயம் போகட்டும் என்று தோளைத் தட்டிவிட்டு வந்தேன்.

ஜூன் 18, புதன்

மெமோ வந்தது. பதில் எழுதினேன். நாலு வரி. சாக்கு ஒன்றும் சொல்லவில்லை.

கொம்பன் நேற்றிலிருந்து தின்னவில்லை. வயசாகிவிட்டது. சாயங்காலம் பலாவடியில் விட்டேன். அவன் ஊர், அவன் மரம். மெதுவாக ஏறினான்.

பொறி: உள்ளூர்ச் சாமான் மட்டும்.

ஜூன் 21, சனி

நிதானமாக எழுத வேண்டும்.

காலை பத்து மணி. வெயில் வந்திருந்தது. பலா மரத்துப் பொறியை மாற்றிக்கொண்டிருந்தேன், ஏணியில். அண்ணன் கீழே. சின்னப்பொண்ணு அக்கா எவர்சில்வர் தூக்குவாளியோடு வந்து நின்றார். வாயில் துணி கட்டியிருந்தது. மோர் என்று நினைத்தேன்.

"எறங்குங் கண்ணு. இன்னைக்குப் பொறி கட்ட வேண்டாம்."

துணியை அவிழ்த்தார். ஈரச்செத்தை. மேலே ஒரு பலாச்சுளை, பாதி வாழைப்பழம். பழத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பச்சை.

படத்தில் பார்த்த பச்சை இல்லை. வெயில் பட்டதும் மாறியது, மறுபடி மாறியது. பெண் வண்டு, கொம்பில்லை. காலில் ஒரு முள்கூட உடையவில்லை. நான் வளர்த்திருந்தாலும் இவ்வளவு நன்றாக இருந்திருக்காது.

உரம் வாரிய வியாழக்கிழமையே அவர் கையில் கூடு ஒன்று உடைந்து, மற்றவற்றுக்கு முன்பே முதிர்ந்துவிட்ட வண்டு முழங்கைவரை ஏறியிருக்கிறது. அன்றிலிருந்து அடுப்படியில், அரிசிப் பானைக்குப் பின்னால்.

ஏன் அக்கா சொல்லவில்லை என்றேன்.

"மொதல்ல, காட்டுனா உங்க பெட்டில போட்டுக்குவீங்கன்னு நெனச்சேன். உங்களுக்குத்தான் அத்தனை இருக்குதே, எனக்கு ஒண்ணு இருக்கட்டும்னு. அப்பறம் நீங்க கொல்லோணும்னு சொன்னீங்க. எப்படிக் குடுப்பேன்?"

பத்து நாள் தின்னாமல் கிடந்தபோது செத்துவிடும் என்று பயமாம். நான் சொன்ன பிறகுதான் தூக்கம். இப்போது நன்றாகத் தின்கிறது. ஆனால் காலையில் வாளிக்குள் றெக்கை அடித்தது. பறக்கப் பார்க்கிறது, பறந்தால் இவர் தோட்டம் மட்டுமில்லை, ஊர்த் தோட்டமெல்லாம் என்று நினைத்ததும் எடுத்து வந்துவிட்டார்.

அண்ணன் வாளிக்குள் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். நம்ம வீட்டு அடுப்படியிலா என்று ஒருதரம் கேட்டார். ஆமாங்க என்றார் அக்கா. ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கோபம் என்று நினைத்தேன். மாட்டுக்கொட்டகைப் பக்கமிருந்து சிரிப்பு. அவர் சிரித்து இதுவரை கேட்டதில்லை.

இதை வீட்டில் வைத்துக்கொள்ள நமக்கு அனுமதி இல்லை என்றேன்.

"உங்களுக்கு மட்டும் இருந்துச்சுங்களா?"

இல்லைதான். இருந்த மாதிரிதான் நடந்துகொண்டேன்.

அந்த முதல் சனிக்கிழமை கம்மல் என்று சொல்லாமல் உள்ளதைச் சொல்லியிருந்தால், அக்கா அன்றே வாளியைக் காட்டியிருப்பார். பதினாறு பொறி, இரண்டு வாரம், அண்ணன் ஏணி பிடித்த மரங்கள், எல்லாம் மிச்சமாகியிருக்கும்.

ஆனால் ஒன்று நிச்சயம். கூட்டிலிருந்து நேரே அக்கா கைக்கு வந்தது. வேறு வண்டின் முகமே பார்த்ததில்லை. முட்டை வைத்தாலும் பொரிக்காது. இதில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அண்ணனிடமும் போய் அப்படியே சொன்னேன்.

வாளிக்கு இப்போது மூடி, அதில் நான் போட்ட பொடித்துளை, மேலே அம்மிக்குழவி.

ஜூன் 23, திங்கள்

அதிகாரியிடம் உள்ளது உள்ளபடி. இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்றவில்லை, சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். கீழே ஒரு கல்லூரியில் பூச்சிகளை உயிரோடு வளர்த்துப் பார்க்கும் கூடம் இருக்கிறது. போன் போட்டார். பூட்டிய அறை, இரட்டைக் கதவு, ஒற்றைப் பெண் வண்டு என்றால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்களாம். கடிதம் தயாரானது.

அக்காவிடம் சொன்னேன். கொல்ல மாட்டார்கள், சாகும்வரை வைத்திருப்பார்கள், செத்த பிறகுதான் ஊசியில் குத்திப் பெட்டியில் வைப்பார்கள் என்றேன். யோசித்தார்.

"செத்ததுக்கப்பறம் பரவால்லீங்க. நானும் வாரேன்."

ஜூன் 26, வியாழன்

முதல் பஸ். அக்கா மாம்பழக் கலர்ப் புடவை, தலை நிறையப் பூ. தூக்குவாளி மடியில். நான் வாங்கிக்கொள்கிறேன் என்றதற்குக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் இரு கையாலும் அணைத்துக்கொண்டார். கண்டக்டர் என்னம்மா குழம்பா என்றார். இல்லீங்க, இது வேற என்று மட்டும் சொன்னார்.

கூடத்தில் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, கையுறை போட்டுக்கொண்டு வந்தாள். வாளியைத் திறந்ததும் குனிந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். பிறகு என்ன தீனி கொடுத்தீர்கள் என்று என்னிடம் கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் அக்கா:

"வாழப்பழந்தானுங்க, நல்லாக் கனிஞ்சது. பலாச்சொளை வெச்சா மோந்து பாத்துட்டு வந்துரும். செத்தை ஈரமா இருக்கோணும், தண்ணி நிக்கக் கூடாது. வெளிச்சம் பட்டா மேல வரும், சத்தம் போட்டா உள்ள போயிரும் கண்ணு."

அந்தப் பெண் நோட்டு எடுத்து எழுதிக்கொண்டாள். முழுவதும்.

கண்ணாடித் தொட்டிக்குச் சீட்டு ஒட்ட வேண்டும். இனம், எங்கே கிடைத்தது, தேதி. வளர்த்தவர் பெயர்? பேனா என் பக்கம் நின்றது.

அக்கா பெயரைச் சொன்னேன். சின்னப்பொண்ணு, ஆலத்தூர் நாடு, கொல்லிமலை. எழுத்துக்கூட்டி எழுதி ஒட்டினாள். அக்கா கிட்டப்போய்ப் படித்தார். ஆலத்தூரில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது, திருத்தச் சொன்னார். திருத்தினாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரத்தை அக்காவுக்கு விட்டேன். ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அக்கா காலி வாளிக்குள் இரண்டு கொத்து மல்லியும் கால் கிலோ மிச்சரும் வாங்கி வைத்திருந்தார். மிச்சரை நீட்டினார்.

"அடுத்த மாசம் ஒரு நாளு பாக்க வாரேன்னு அந்தப் புள்ளகிட்டச் சொல்லீட்டேன். நீங்க லீவு போடறீங்களா, இல்ல நான் மட்டும் போயிட்டு வரட்டுங்களா?"